அத்தி மரத்தடியில்: உகாண்டா நாட்குறிப்பு

ஜனவரி 9, எண்டெபே

பயணக் களைப்போடு மாலையே தாவரவியல் பூங்காவுக்குப் போய்விட்டேன். விக்டோரியா ஏரிக்கரையில் 1898இல் தொடங்கிய பூங்கா. கருப்பு வெள்ளை இருவாச்சிகள் காக்கை மாதிரி சர்வசாதாரணமாகத் திரிகின்றன. வால்பாறையில் ஒரே ஒரு இருவாச்சிக்காக மூன்று நாள் காத்துக் கிடந்தவனுக்கு இது கொஞ்சம் அவமானம்தான். படங்கள் எல்லாம் வீண். வெள்ளைச் சிறகுக்கு வெளிச்சம் அளந்தால் உடம்பு கரிக்கட்டை. உடம்புக்கு அளந்தால் சிறகு வெறும் சுண்ணாம்பு.

ஜனவரி 11, கிபாலே

நேற்று முழுக்கச் சாலை. சிம்பன்சியிலிருந்து தேவாங்கின் உறவான பொட்டோ வரை, குரங்கு வகையில் மட்டும் 13 இனங்கள் வாழும் காடு இது. வருகிறவர்கள் எல்லோரும் சிம்பன்சியைத்தான் கேட்பார்களாம். எனக்கு இருவாச்சி போதும் என்றதும் வழிகாட்டி ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

காலையில் செங்கொலபஸ் குரங்குக் கூட்டம். கட்டைவிரல் இல்லாத கையைக் கொக்கியாகக் கிளையில் மாட்டித் தாவுகின்றன. நான் எடுத்தது பெரும்பாலும் வால். கழுத்து வலி.

ஜனவரி 12

"துரத்தாதீர்கள், உட்காருங்கள்" என்றார் வழிகாட்டி. பழுத்த அத்தி மரம் ஒன்றின் கீழ் ஆறு மணி நேரம் உட்கார்ந்தோம். சட்டை நிறைய எறும்பு.

முதலில் சத்தம்தான் வந்தது. சிறகடியில் காற்று சீறுவது அடுத்த மேடு வரை கேட்கும். ஐந்து இருவாச்சிகள். அலகு நுனியால் பழத்தைக் கிள்ளி, மேலே எறிந்து, தொண்டையில் வாங்குகின்றன. கீழ்க்கிளையில் மூக்கில் வெள்ளைத் திட்டு வைத்த செவ்வால் குரங்குகள். கன்னப்பை புடைக்க அள்ளித் திணித்துக்கொண்டே இருந்தன. பெரிய மங்காபே குரங்குகள் வந்ததும் அப்படியே நழுவிவிட்டன. பந்தியில் அவசரமாகச் சாப்பிட்டு எழுகிற ஆட்களைப் போல.

இரண்டு மணி வாக்கில் எங்கிருந்தோ வறட்டு இருமல் மாதிரி ஒரு குரல். குரங்குகள் சட்டென்று இலைக்குள் போயின. இருவாச்சிகள் ஓடவில்லை, கத்தத் தொடங்கின. மேலே குரங்கு வேட்டைக்குப் பேர்போன கிரௌன்ட் கழுகு. கோட் டிவ்வாரின் (ஐவரி கோஸ்ட்) தாயீ காட்டில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. டயானா குரங்கு கழுகுக்கு ஒரு குரலும் சிறுத்தைக்கு வேறு குரலும் கொடுக்கும். அங்குள்ள மஞ்சள்தொப்பி இருவாச்சிகள் கழுகுக் குரலுக்குத்தான் பதறுகின்றன. சரிதானே, மரத்து உச்சியில் இருப்பவருக்குச் சிறுத்தை என்ன செய்துவிடும்!

கழுகின் படமா? இலை, இலை, ஒரு வால் நுனி.

ஜனவரி 13

இன்று இருவாச்சிக் கூடு. மரப்பொந்தின் வாயை மண்ணால் அடைத்து, ஓர் அலகு நுழையும் அளவுக்குக் கீறல் மட்டும் விட்டிருக்கிறார்கள். பெண் உள்ளே. ஆண் விழுங்கி வந்த அத்திகளை ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டுகிறது. 17 வரை எண்ணினேன். நம்மூர் இருவாச்சியும் இதே வேலைதான்.

கேமராவை மூன்றுகாலியில் வைத்துவிட்டு, ரிமோட்டோடு தள்ளி உட்கார்ந்தேன். லேசான மேகம், ஒருவழியாக வெள்ளையில் இறகுகள் பிரிந்து தெரிந்தன. பதினெட்டாவது பழம் தவறிக் கீழே விழுந்தது. ஆண் தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம் பரவாயில்லை. அடுத்த நிமிடம் கீறலிலிருந்து பீய்ச்சியடித்த எச்சம் மூன்றுகாலியின் இரண்டு கால்களில் விழுந்தது.