சியாம் அரிசி, பாட்டியின் கால்

மார்ச் 3
செமஸ்டர் விடுமுறை. சுங்கை சிப்புட்டில் பஸ் விட்டு இறங்கும்போதே மழை. மாலை நாலு மணிக்குப் பாட்டி கேட்கிறார், "பசியாறுனியாம்மா?" பையில் துணியைவிட பிசியாலஜி நோட்ஸ்தான் அதிகம். திரும்பிப் போனதும் பரீட்சை.

மார்ச் 5
இன்று தயமின், அதாவது வைட்டமின் பி1. செல்லுக்குச் சக்தி கிடைக்கக் குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகும். அதை அசிட்டைல் கோ-ஏ ஆக்கும் நொதிக்குத் தயமின் கைகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிறு நிறையச் சோறு இருந்தும் செல்லுக்குப் பட்டினி. நரம்பும் இதயமும் அடிவாங்கும். கால் மரத்துப்போகும், வீங்கும். அதுதான் பெரிபெரி.

வகுப்பில் இதற்கு இரண்டே நிமிடம். ஆனால் கதை நம் ஊரில் நடந்தது. 1905-06இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெச்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படைக்குச் சியாம் (தாய்லாந்து) வெள்ளரிசி, இரட்டைப்படைக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. வெள்ளரிசிப் பக்கம் பெரிபெரி வந்து பலர் செத்தார்கள். புழுங்கல் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதே காலத்தில் பிராடன் என்ற மருத்துவரும் கவனித்திருந்தார்: சுரங்கத்துச் சீனர்களுக்கு வருகிற நோய் புழுங்கல் சாப்பிட்ட தோட்டத்துத் தமிழர்களுக்கு வரவில்லை. அரிசியில் ஏதோ நஞ்சு என்று நினைத்தார். காரணம் தப்பு, கவனிப்பு சரி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கத்துத் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் முழுசாகப் போகாது.

உடனே 'நம் முன்னோர்கள் அறிவாளிகள்' என்று வாட்சாப்பில் போட்டுவிடாதீர்கள். ஊர்ப் பழக்கம், அவ்வளவுதான். அதே ஆட்களைத்தான் தோட்டத்து லயத்து வீடுகளில் மலேரியா அள்ளிக்கொண்டு போனது.

மார்ச் 6
பாட்டியிடம் சொன்னேன். "இதைப் படிக்கவா கோலாலம்பூர் வரைக்கும் போன?" என்றார். தோட்டத்தில் இருந்தவரை புழுங்கல்தானாம். தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்தபிறகு சியாம் அரிசி. "மல்லியப்பூ மாதிரி இருக்கும்."

மார்ச் 9
பாட்டிக்கு இனிப்புநீர் (நீரிழிவு) கிளினிக். மூன்று நாளாகத் தேத்தண்ணியில் சீனி இல்லை, ராத்திரி வெறும் தோசை. விரலில் குத்தினால் சர்க்கரை 6.8 மில்லிமோல். பாட்டி என்னைப் பார்த்த பார்வை! அப்புறம் போன வாரம் எடுத்த எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனையின் முடிவு வந்தது, 9.4 சதவீதம். சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் இருக்கும். விரதத்தை விரல் நுனி நம்பியது, சிவப்பணு நம்பவில்லை.

அடுத்து கால். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லி, "பட்டா சொல்லுங்க பாட்டி" என்றார் தாதி. குதிகாலில் சொன்னார். நடுப்பாதத்தில் சொன்னார். இடது கட்டைவிரலில் இழை வில்லாக வளைந்து நிற்கிறது, பாட்டி கண்ணை மூடியபடி, "இன்னும் தொடலையாம்மா?" என்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அதிகம் பேசவில்லை.

மார்ச் 10
முதுகுத்தண்டிலிருந்து கட்டைவிரல் வரை நரம்பு கிட்டத்தட்ட ஒரு மீட்டர். இனிப்புநீரில் நீளமான நரம்புதான் முதலில் கெடும். நோட்ஸில் இதற்கு மஞ்சள் கோடு போட்டிருந்தேன், மூன்று மதிப்பெண் என்று ஓரத்தில் எழுதி.

காலையில் டார்ச் அடித்து அவர் பாதத்தைப் பார்த்தேன். கூச்சத்தில் இழுத்துக்கொண்டார். காயம் இல்லை. ரப்பர் பால் வெட்டிய காலத்து வெடிப்புகள்தான்.

மார்ச் 12
புழுங்கல் அரிசி ஐந்து கிலோ வாங்கிவந்தேன். சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும் என்ற நப்பாசை. "தோட்டத்து வாசம்" என்று பாட்டி இரண்டு தட்டு சாப்பிட்டார், கருவாட்டுக் குழம்போடு. இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 13.1.

"இதையெல்லாம் எழுதி வைக்காதே" என்றார்.

எழுதிவிட்டேன் பாட்டி.