பெயரைச் சொல்

சிங்கப்பூர் டோபி காட் ஒய்.எம்.சி.ஏ. வாசலில் இன்று மழைக்கு ஒதுங்கினேன். பக்கத்தில் ஒரு இளம் ஜோடி, தோளோடு தோள் ஒட்டி நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது.

இதே இடத்தில் இருந்த பழைய கட்டடம்தான், ஜப்பானியர் காலத்தில் அவர்களுடைய ராணுவப் போலீஸான கெம்பேதாயின் வதைக்கூடம்.

எலிசபெத் சோய் ஓர் ஆசிரியை. கணவரோடு மருத்துவமனையில் கேன்டீன் நடத்தினார். சாங்கி சிறையில் அடைபட்டிருந்தவர்களுக்குப் பணம், மருந்து, கடிதம் என்று ரகசியமாக அனுப்பினார்கள். 1943இல் முதலில் கணவரைப் பிடித்தார்கள். பிறகு இவரை.

இருபது பேருக்கு மேல் நெருக்கி அடைத்த கொட்டடி. பெண் இவர் ஒருவர்தான்.

கணவரை எதிரே நிறுத்திவைத்து இவருக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள்.

அவர் கதையில் இந்த இடத்தைத் தாண்டிப் படிக்கவே எனக்கு வெகுநேரமாகும். வதைத்தவனுக்கு வேண்டியது வாக்குமூலம். அதற்கு அவன் எடுத்த ஆயுதம் அவர்களுடைய அன்பு. அவள் வலி தாங்காமல் அவரும், அவர் கண்ணீர் தாங்காமல் அவளும் யாரையாவது காட்டிக்கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்ட அறையில் வாய் திறந்த யாரையும் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நிச்சயமாக.

எலிசபெத் சொல்லவில்லை. ஏறத்தாழ 200 நாள்.

கணவர், பின்னர் அடைக்கப்பட்ட ஊட்ரம் சிறையிலிருந்து உயிரோடு மீண்டார். போர் முடிந்ததும் எலிசபெத்திடம் கேட்டார்கள்: வதைத்தவர்களில் யாரைத் தூக்கிலிட வேண்டும், பெயரைச் சொல்லுங்கள்.

தீயது போர்தான் என்று சொல்லி, அப்போதும் மறுத்துவிட்டார்.