இருப்பு டிக்ட்: அறுபதா, அறுபத்தொன்றா

மார்ச் 4, திங்கள்

சரக்கு அறுபது. அவற்றின் இருப்பைப் பைதான் டிக்ட்டில் (பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் பட்டியல், அந்தப் பெயர்தான் கீ) வைத்திருக்கிறேன். எண்ணிச் சொல்லும் லென் 61 என்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

முதல் சந்தேகம் டிஃபால்ட்டிக்ட் மேல். சாதாரண டிக்ட்டில் இல்லாத கீயைச் சதுர அடைப்புக்குள் போட்டுக் கேட்டால் கீஎரர் காட்டி அங்கேயே நின்றுவிடும். டிஃபால்ட்டிக்ட் நிற்காது. கேட்ட பெயரில் தானே 0 வைத்து ஒரு வரி சேர்த்துக்கொண்டு, சாவகாசமாக 0 என்று பதில் சொல்லும். ஏலம் இருக்கிறதா என்று பார்த்தாலே ஏலம் வந்து உட்கார்ந்துவிடும். பார்க்க மட்டும் என்றால் இன் (உள்ளதா என்ற சோதனை) போதும், அல்லது கெட் (இருந்தால் மதிப்பை எடுப்பது). இரண்டும் எதையும் சேர்க்காது.

எல்லாவற்றையும் சாதாரண டிக்ட்டாக மாற்றியாயிற்று. கெட்டில் பெயரையும் 0-வையும் கொடுத்துப் பழைய இருப்பை எடுப்பது, கிலோவைக் கூட்டுவது, அதே கீயில் வைப்பது. அந்த 0-வை விட்டுவிட்டால், இல்லாத கீக்கு நன் (‘ஒன்றுமில்லை’ என்னும் மதிப்பு) வரும். நன்னோடு 25-ஐக் கூட்டச் சொன்னால் டைப்எரர். அதுவாவது வாய்விட்டுக் கத்துகிறது.

இன்னும் 61.

மார்ச் 6, புதன்

மொத்த எடை பில்லோடு கிலோ பிசகாமல் ஒத்துப்போகிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 7, வியாழன்

டிக்ட்டின் நகலில் இருப்பு 0 ஆனவற்றை லூப்புக்குள்ளேயே டெல் போட்டு நீக்கியதில் ரன்டைம்எரர்: சுற்றிவரும்போது டிக்ட்டின் அளவு மாறிவிட்டதாம். கீகளை முதலில் லிஸ்ட்டாக எடுத்துக்கொண்டு அதன்மேல் லூப் ஓட்டலாம். வேண்டியதை மட்டும் பொறுக்கிப் புது டிக்ட் கட்டுவது இன்னும் சுத்தம்.

மார்ச் 8, வெள்ளி

பிடிபட்டது. டிக்ட் சேர்த்த வரிசையில்தான் கீகளைக் கொடுக்கும் (பைதான் 3.7 முதல் அது உறுதி), அதனால் இரட்டைகள் எங்கோ தள்ளித் தள்ளிக் கிடந்தன. சார்ட்டட் போட்டு வரிசைப்படுத்தி அச்சிட்டதில் ஒரு கொத்தமல்லி, அடுத்து கேழ்வரகு, அதற்கடுத்து இன்னொரு கொத்தமல்லி. நடுவில் கேழ்வரகுக்கு என்ன வேலை?

ஒவ்வொரு குறியையும் ஆர்ட் (குறியின் யூனிகோட் எண்ணைச் சொல்வது) போட்டுப் பார்த்தால் விடை தெரிகிறது. ஒன்றில் ‘கொ’ என்பது 2965, 3018. மற்றதில் 2965, 3014, 3006: க, ஒற்றைக்கொம்பு, கால் மூன்றும் தனித்தனி. ‘கே’யின் குறி 3015, ஆகவே அது 3014-க்கும் 3018-க்கும் நடுவில் விழுகிறது. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. ஒன்றின் லென் 2, மற்றதற்கு 3. ஸ்ட்ரிங் கீயை டிக்ட் கண்ணால் பார்ப்பதில்லை, குறிகளைத்தான் ஒப்பிடுகிறது.

இதில் வேடிக்கை, இதே பெயரை மாறியின் பெயராக வைத்தால் பைதான் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். மேற்கோளுக்குள் இருப்பதைத் தொடாது. அது நம் பாடு.

தீர்வு, பைதானின் யூனிகோட்டேட்டாவில் உள்ள நார்மலைஸ், என்எஃப்சி வடிவம் (பிரிந்த குறிகளை ஒன்றாக்குவது). கீயாக்கும் முன்பே போடவேண்டும். வைக்கும்போதும் சரி, தேடும்போதும் சரி. ஒரு பக்கம் மட்டும் போட்டால் கண்முன்னே இருக்கும் கொத்தமல்லிக்குக் கீஎரர் வரும்.

மார்ச் 9, சனி

60!!

மார்ச் 10, ஞாயிறு

‘ஔ’வை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருந்தால் நார்மலைஸ் கைவிரித்துவிடும். அதன் கணக்கில் அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். இந்தப் பட்டியலில் ஔ இல்லை. தேடியாயிற்று, இரண்டு முறை.

மார்ச் 11, திங்கள்

பெருங்காயம் இரண்டு.

இரண்டாவதன் கடைசியில் 8204. எங்கிருந்தோ ஒட்டும்போது கூடவே வந்த, அகலமே இல்லாத குறி. ஸ்ட்ரிப் வெற்றிடங்களைத்தான் வெட்டும், இது அதன் கணக்கில் வெற்றிடம் இல்லை. என்எஃப்சியும் தொடாது. ரிப்ளேஸ் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

எடுத்ததும் லென் 59.

அப்படியானால் சனிக்கிழமை வந்த 60 பொய். ஒன்று கூடுதல், ஒன்று குறைவு, இரண்டும் சேர்ந்து சரிக்கட்டியிருக்கிறது. தொலைந்த சரக்கு எது? மொத்த எடையில் தெரியாது. இரண்டு சரக்கு ஒரே கீயில் விழுந்தாலும் கிலோ கூடிக்கொண்டுதானே போகும். விலையால் பெருக்கும்போதுதான் உதைக்கும்.

மார்ச் 12, செவ்வாய்

கடுகு. பெயர் பத்தியில் இரண்டும் ‘கடுகு’. சிறு, பெரு என்பது ரகப் பத்தியில். விலை டிக்ட்டில் பின்னால் வந்த பெருங்கடுகின் விலை முன்னதை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. டிக்ட் இதற்கெல்லாம் எச்சரிக்காது.

பெயரும் ரகமும் சேர்ந்துதான் கீ. லிஸ்ட்டாகக் கொடுத்தால் டைப்எரர், மாறக்கூடியதை ஹேஷ் செய்யாது (கீயைத் தேடுவதற்கான எண்ணாக மாற்றாது). டூப்பிள் (மாற்றமுடியாத தொகுதி) சரி: ("கடுகு", "சிறு"). ரகம் இல்லாதவற்றுக்கு வெற்று ஸ்ட்ரிங். ரகப் பத்தியையும் அதே நார்மலைஸ், ரிப்ளேஸ் வழியாக அனுப்பியாயிற்று.

60. இந்த முறை எண்ணிக்கையை நம்பவில்லை, அறுபது கீயையும் தாளில் டிக் அடித்துப் பார்த்தாயிற்று.

மார்ச் 13, புதன்

கோப்பில் சேமிக்கும்போது டூப்பிள் கீயை ஜேசன் (தரவை எழுதிவைக்கும் உரை வடிவம்) ஏற்கவில்லை, மறுபடி டைப்எரர். நடுவில் செங்குத்துக்கோடு வைத்து ‘கடுகு|சிறு’ என்று ஒட்டி எழுதவேண்டியதுதான். திரும்பப் படிக்கும்போது அந்தக் கோட்டில் பிரித்துக்கொள்ளலாம்.