திருவலத்து நந்தி

காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை போகும் சாலையில், பொன்னை ஆற்றங்கரையில் இருக்கிறது திருவலம். ஞானசம்பந்தர் பாடிய தலம். சுவாமி வில்வநாதேசுவரர். வழக்கமாகச் சிவன் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்த்தபடி படுத்திருக்கும். இங்கே சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்க்கிறது.

காரணம் கஞ்சன் என்ற அசுரன். காஞ்சனகிரியிலிருந்து அபிஷேகத்துக்குத் தீர்த்தம் சுமந்து வந்த அர்ச்சகரை அவன் வழிமறித்து வதைத்தான். அவர் அழுது முறையிட, நந்தி புறப்பட்டுப் போய் அவனைக் கிழித்தெறிந்தது. அன்றிலிருந்து வெளிப்பக்கம் பார்த்தே காவல் இருக்கிறது. லாலாபேட்டை, வடகால், தென்கால் என்று சுற்றுவட்டார ஊர்களையெல்லாம் அவன் உடல் விழுந்த இடங்களாகச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவனுக்கும் முக்தி கொடுக்க, ஆண்டுதோறும் பொங்கலையொட்டிச் சுவாமியே காஞ்சனகிரிக்கு எழுந்தருளுகிறார்.

என்னுடன் அத்தை வந்திருந்தார். அத்தையின் ஒரே மகனை வரப்புத் தகராறில் வெட்டிக் கொன்றவன், தண்டனை முடிந்து வெளியே வந்ததும் வீட்டு வாசலில் வந்து நின்றான். செருப்பைத் தெருவிலேயே கழற்றி வைத்துவிட்டு, வாசற்படி ஏறாமல், கைகூப்பி அழுதான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து உறவினர்கள் விடுவதாக இல்லை. "கடவுளே மன்னிக்கிறார், நீ மன்னிக்கக் கூடாதா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

நந்தியின் கொம்பில் சுற்றியிருந்த அருகம்புல் மாலை வெயிலில் வாடிக் கிடந்தது. அதைச் சரிசெய்தபடியே அத்தை கேட்டார்: "சாமி மலைக்குப் போய் அவனுக்கு முக்தி கொடுக்கிறார், சரி. தண்ணீர்க் குடத்தோடு அடிபட்டாரே அந்த அர்ச்சகர், அவரை யாராவது கேட்டார்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. மதுரையில் தாயைக் கூடித் தந்தையைக் கொன்ற மாபாதகனின் பாவத்தையே சொக்கநாதர் தீர்த்தார் என்று புராணம் சொல்கிறது. அதை மனதார நம்புகிறேன். இறைவன் கருணைக்கு எல்லை வகுக்க நாம் யார்? ஆனால் வெட்டுப்பட்ட தந்தையின் வாயிலிருந்து அங்கே ஒரு சொல்லும் வரவில்லை. அரசராக இருந்த மெய்ப்பொருள் நாயனார் கதை வேறு. அடியார் வேடத்தில் வந்து குத்திய முத்தநாதனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னவர், குத்துப்பட்ட நாயனாரேதான். அந்த உரிமை அவருடையது. அவருக்காக அரசியோ மெய்க்காவலன் தத்தனோ அதைச் சொல்லியிருக்க முடியாது.

"அவன் அழுதது நடிப்பில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் செத்தவன் என் பிள்ளை. அவன் சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்வேன்?" என்றார் அத்தை.

திருந்தியவனுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. கேட்டுவிட்டு, பதில் வராமலே போனாலும் ஒழுங்காக வாழ்வது அவன் கடமை. சுவாமி ஆண்டுதோறும் மலைக்குப் போகிறார். அதற்காக நந்தி காவலை விட்டுத் திரும்பிவிடவில்லை. கருணையும் காவலும் ஒரே கோயிலில்தான் இருக்கின்றன.

அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அத்தை மகனின் பெயரை மட்டும் சொன்னார். இறந்தவர் பெயருக்கு அர்ச்சனை செய்யும் வழக்கமில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் குறுக்கிடவில்லை. மன்னித்தால்தான் புண்ணியம் என்று அவரை நச்சரிக்கும் எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள், அதை இன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.