டக்ஸ்ஃபோர்டு போனால் குனிந்து பாருங்கள்

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் கேம்பிரிட்ஜ் போகும் ரயிலைப் பிடித்து விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வேயில் இறங்கினால், இப்போது விமான அருங்காட்சியகமாக இருக்கும் டக்ஸ்ஃபோர்டு விமானத்தளம் சுமார் 3 மைல். காரில் வருபவர்களுக்கு எம்11 சாலையின் 10-ஆவது சந்திப்பு. இந்தச் சாலைக்காகத்தான் ஓடுபாதையை வெட்டிச் சுருக்கினார்கள். அதற்கு முன்பே, 1977-இல், வந்திறங்கிய ஒரு கான்கார்டு (ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானம்) இங்கேயே தங்கிவிட்டது. கூட்டம் முதலில் அங்கேதான் போகும். நீங்கள் பறக்கும் நிலையிலுள்ள பழைய விமானங்கள் நிற்கும் 2-ஆம் ஹேங்கருக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரைப் பார்த்ததும் மூக்கைப் படம் எடுப்பதை விட, குனிந்து இறக்கைக்கு அடியில் பாருங்கள். வலப்பக்கம் பெட்டி போன்ற ரேடியேட்டர், இடப்பக்கம் சின்னதாக ஆயில் கூலர் என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் அது மார்க் 1 போன்ற ஆரம்பகால வகை. இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டி, நான்கு அலகு புரொபெல்லர், பக்கத்துக்கு ஆறு புகைக்குழாய் என்றால் மார்க் 9. எஞ்சின் மூடியின் மேல் இரண்டு புடைப்பும் ஐந்து அலகும் இருந்தால் உள்ளே இருப்பது வழக்கமான மெர்லின் எஞ்சின் அல்ல, அதைவிடப் பெரிய கிரிஃபான். அது எதிர்த்திசையில் சுற்றும்.

அப்படியே வாலுக்கு நகருங்கள். சுக்கானில் துணியின் கீழ் தையல் முடிச்சுகள் வரிசையாகப் புடைத்துத் தெரியும். ரிவெட்டுகளையும் கவனியுங்கள். முதல் மாதிரி விமானத்தில் தட்டை ரிவெட்டுகள் மேல் பிளந்த பட்டாணியை ஒட்டிப் பறக்கவிட்டு, எங்கே குமிழ் ரிவெட் போட்டால் வேகம் குறையும் என்று அளந்தார்கள். எல்லா இடத்திலும் ஒட்டியபோது மணிக்கு 22 மைல் போச்சு!

ரசிகர்களின் தீராத வழக்கு, "இதில் பழசு எவ்வளவு?" என்பது. என்3200 என்ற மார்க் 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்த 19-ஆம் படையணியின் விமானம். 1940 மே 26 அன்று டன்கர்க் சண்டையில் அடிபட்டு, பிரான்ஸின் சங்காத் கடற்கரையில் இறங்கியது. ஓட்டிய ஜெஃப்ரி ஸ்டீஃபன்சன் சிறைபிடிக்கப்பட்டார். (அதே மே மாதம் இங்கிருந்து டிஃபயன்ட் என்ற போர் விமானங்களில் புறப்பட்ட 264-ஆம் படையணிக்குப் பின்னாளில் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர் வந்தது.) மணலுக்குள் புதைந்த என்3200-ஐ 1986-இல் எடுத்தார்கள், 2014-இல் மறுபடி பறந்தது. உப்புநீரில் இத்தனை வருஷம் கிடந்த அலுமினியத்தை நம்பி யாரும் ஏற முடியாது. அரிப்பு தகட்டின் உள்ளுக்குள்ளேயே பரவும், வெளியே பளபளவென்றே இருக்கும். அதனால் இப்படிப்பட்ட மீட்பில் தகடும் இறக்கையின் முதுகெலும்பும் பெரும்பாலும் புதுசுதான். ஏமாற்று என்று சிலர் முணுமுணுப்பார்கள். பறக்க வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது.

எஞ்சின் கிளப்பும்போது வேலியோரம் இடம் பிடியுங்கள். கைப்பம்பு அடித்து எரிபொருள் ஏற்றுவது அளவு மீறினால் புகைக்குழாயில் நெருப்பு எட்டிப் பார்க்கும். தீயணைப்பான் பிடித்த ஆள் பக்கத்திலேயே நிற்பது அதற்காகத்தான். பிறகு பைலட்டுக்கு அவசரம். எண்ணெய் சூடாகாமல் முழு வேகம் கொடுக்கக்கூடாது. அதற்குள் கூலன்ட் கொதித்துவிடக்கூடாது. ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் ஒதுங்கி இருப்பதால் புரொபெல்லர் காற்று சரியாகப் போய்ச் சேராது, இறக்கிய சக்கரக் காலும் மறைக்கும். தரையில் ஸ்பிட்ஃபயரை ரொம்ப நேரம் காக்க வைக்கவே கூடாது.

படம் எடுப்பவர்களுக்கு: வானத்தில் மெர்லின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால், பல்சக்கரம் குறைத்த பிறகு புரொபெல்லர் சுமார் 950 சுற்று. ஷட்டர் 1/1000 நொடி மட்டும் திறந்தால் அலகு 6 டிகிரிகூட நகராது. படத்தில் எஞ்சின் நின்றுபோன விமானம் மாதிரித் தெரியும். 1/125 வையுங்கள், அலகு 45 டிகிரி சுழன்ற தடம் கிடைக்கும். கை நடுங்கிப் பாதிப் படம் வீணாகும், பரவாயில்லை. பார்வையாளர் பக்கம் தெற்கு நோக்கியது, நடுப்பகலில் வெயில் முகத்தில் அடிக்கும். சாயங்காலமே நல்ல வெளிச்சம்.

சாலி பி என்ற பி-17 குண்டுவீச்சு விமானம் பறக்கும் நாளானால், கிளம்புவதற்கு முன் ஆட்கள் அலகுகளைக் கையால் சுற்றுவதைத் தவறவிடாதீர்கள். சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த எஞ்சின் சும்மா நின்றால் கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். திரவம் அமுங்காது, அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சுற்றும்போது எங்காவது இறுகினால் கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். பின்பக்கமாகச் சுற்றித் தப்பிக்கப் பார்த்தால் அந்த எண்ணெய் உள்ளிழுப்புக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஸ்டார்ட் ஆனதும் திரும்ப சிலிண்டருக்கே வரும்.