பேர் வராத எழுத்து வேலை

மருந்து ஆய்வுகளைப் பற்றி எழுதிச் சம்பாதிக்கிறேன் என்று காவேரிப்பட்டணத்தில் சொன்னால் முதல் கேள்வி, “எம்.பி.பி.எஸ்.ஸா?” அடுத்தது, “பெங்களூர்ல எந்தக் கம்பெனி?” இரண்டுமே இல்லை. நான் பி.பார்ம். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் சில வருடம் ட்ரையல் கோஆர்டினேட்டராக, அதாவது மருந்து ஆய்வுகளை ஒருங்கிணைப்பவளாக, இருந்துவிட்டு, வீட்டுச் சூழ்நிலையால் ஊருக்குத் திரும்பியவள். ஃப்ரீலான்ஸ் மெடிக்கல் ரைட்டிங்கில் எப்படி நுழைவது என்று பார்மசி, பயோடெக், நர்சிங் படித்த பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோஆர்டினேட்டர் வேலை பாதி ஓட்டம், பாதி பேப்பர். டாக்டர் ஒப்புதல் படிவத்தை விளக்கும்போது நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆய்வை நடத்தும் ஸ்பான்சர் கம்பெனி சரிபார்க்க அனுப்பும் மானிட்டர் வருவதற்குள் கேஸ் ஷீட்டில் உள்ள எண்ணும் கம்ப்யூட்டரில் ஏற்றிய எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவைக்க வேண்டும். ஆய்வில் இருக்கும் ஒருவர் திடீரென்று அட்மிட் ஆனால் 24 மணி நேரத்துக்குள், ஆய்வில் இருப்பவர்களின் நலனைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் ஸ்பான்சருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் தகவல் போயாக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், கிளினிக்கல் ட்ரையல்கள் விதிகள் எனக்கு மனப்பாடமானது இப்படி ஓடித்தான். எழுத வந்தபோது ஆங்கிலத்தைவிட அதிகம் கைகொடுத்தது அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம்: ஒரு எண்ணைப் பார்த்தால், அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது.

சரி, வேலை கேட்டுப் போனேன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “சாம்பிள் இருக்கா?” மருத்துவமனையில் நான் தொட்ட தாள் எல்லாமே ரகசியம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆகவே காட்டுவதற்கென்றே இரண்டு கட்டுரைகளைச் சொந்தமாக எழுத வேண்டியிருந்தது. விஷயம் தேடி வெளியே போகவில்லை, நம்ம ஊர்ப் பிரச்சினைகளையே எடுத்துக்கொண்டேன்.

முதலாவது ஃப்ளூரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலக்கோடு பக்கம் என் பெரியம்மா இருக்கும் தெருவில் அவர் வயதுக்காரர்கள் சிரித்தால் முன்பல்லில் பழுப்புக் கோடு தெரியும். 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு முக்கியக் காரணமே போர்வெல் தண்ணீரில் இருந்த ஃப்ளூரைடுதான். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்திலும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. இதெல்லாம் யாரும் எழுதக்கூடியதுதான். நான் நிறைய நேரம் செலவழித்தது வேறு இடத்தில். பெரியம்மாவுக்குப் பல்லில் கறையும் இருக்கிறது, முட்டி வலியும் இருக்கிறது. “எல்லாம் அந்தத் தண்ணியாலதான்” என்பது அவர் தீர்ப்பு. பல் கறை, பல் உருவாகும் சின்ன வயதில் குடித்த தண்ணீரால் வருவது. இப்போது காவிரித் தண்ணீர் குடித்தாலும் போகாது. முட்டி வலி அப்படியில்லை. அளவுக்கு மீறிய ஃப்ளூரைடு எலும்பையும் தாக்கும் என்பது உண்மை, ஆனால் அறுபது வயதில் வரும் முட்டி வலிக்கு வேறு எத்தனையோ காரணம் உண்டு. அவர் குடித்த தண்ணீரைச் சோதிக்காமல், எக்ஸ்ரே பார்க்காமல் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கக் கூடாது என்று தனித்தனியாக எழுதினேன். பின்னால் எனக்கு வேலை கொடுத்த எடிட்டர், அந்த ஒரு பத்திக்காகத்தான் கூப்பிட்டதாகச் சொன்னார்.

இரண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். எத்தனை வீட்டுக்கு பிரஷர் மாத்திரை போய்ச் சேர்ந்தது என்பது ஒரு கணக்கு. அதைச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு பிரஷர் 140/90-க்குக் கீழே இறங்கியது என்பது வேறு கணக்கு. மேடையில் முதல் கணக்கைத்தான் சொல்வார்கள். இரண்டாவதைத் தேடும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்பதுதான் அந்தக் கட்டுரை.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அலைந்ததில் பெங்களூர் ஏஜென்சி ஒன்று தேர்வு அனுப்பியது. தேர்வுக்கென்றே தயாரித்த கற்பனை ஆய்வு. டேபிள்களைக் கொடுத்து அறிக்கையின் சுருக்கத்தை எழுதச் சொன்னார்கள். மருந்தின் பலனைச் சொல்லும் டேபிளில் 240 பேர். பக்கவிளைவு டேபிளில் 236 பேர். நாலு பேர் எங்கே போனார்கள்? டைப்பிங் பிழை என்று நினைத்து ஒன்றைத் திருத்தினால் அதோடு கதை முடிந்தது. அந்த நாலு பேரும் குலுக்கலில் ஒரு பிரிவுக்கு ஒதுக்கப்பட்டார்கள், ஆனால் ஒரு டோஸ்கூட எடுக்கவில்லை. ஒதுக்கப்பட்ட எல்லோரையும் பலன் கணக்கில் சேர்ப்பார்கள். ஒரு டோஸாவது எடுத்தவர்களைத்தான் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பார்கள். இரண்டு எண்ணும் சரி. அதை ஒரு வரியில் விளக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே தேர்வில் இன்னொரு கண்ணி இருந்தது. ஆய்வின் முதன்மை இலக்கு, அதாவது எதைக் காட்ட ஆய்வு நடத்தினார்களோ அது, தேறவில்லை. துணை இலக்குகளில் ஒன்று மட்டும் பளிச்சென்று வந்திருந்தது. அந்தப் பளிச்சை முதல் வரியில் வைத்தால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். நான் “முதன்மை இலக்கு எட்டப்படவில்லை” என்று ஆரம்பித்தேன். இப்போதும் ஆய்வுக் கட்டுரை எது வந்தாலும் முதலில் திறப்பது சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியக் கிளினிக்கல் ட்ரையல் பதிவேட்டைத்தான். 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் கிளினிக்கல் ட்ரையல்கள் அதில் பதிவாக வேண்டும். தேடிப் பார்க்கக் காசு கிடையாது. ஆரம்பத்தில் எதை அளப்போம் என்று எழுதினார்கள், கடைசியில் எதை அளந்ததாகச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில நேரம் தூக்கிவாரிப் போடும்.

தேறினேன். முதலில் வந்தவை நோயாளிகளுக்கான துண்டறிக்கைகள், அப்புறம் பத்திரிகைக் கட்டுரைகள், அப்புறம் ஆய்வறிக்கைகள். ஆய்வறிக்கைக்கு, மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐ.சி.எச். வகுத்த இ3 என்ற வரையறை உண்டு, 1995-இலிருந்தே அதுதான் அச்சு. எந்தத் தலைப்புக்குக் கீழே என்ன வரும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அழகாக எழுதும் ஆசை உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம்.

முதல் கட்டுரை வெளிவந்ததும் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். “உன் பேரு எங்கம்மா?” கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பத்தியில், பொடி எழுத்தில் இருந்தது. மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் நாலு நிபந்தனைகளும் பூர்த்தியானால்தான் ஒருவர் ஆசிரியர். எழுதிக் கொடுத்தது மட்டும் போதாது. உதவியதை மறைக்காமல் நன்றிப் பத்தியில் சொல்ல வேண்டும் என்பதே முறை. அப்பாவுக்கு இது இன்னும் சமாதானம் ஆகவில்லை. எனக்கு ஆகிவிட்டது, அந்த ஆய்வை நடத்தியது நான் இல்லையே.

பணம் வருவதுதான் இதில் உண்மையான போராட்டம். ஒரு நிறுவனம், பேர் வேண்டாம், கட்டுரையை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் “அக்கவுண்ட்ஸ்ல இருக்கு மேடம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்தேன். ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணமில்லை; யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கான பாக்கியை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் வட்டியும் உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் வந்தது: கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் வாங்கிய நிறுவனம் அந்தத் தொகையை உண்மையில் கொடுக்கும் வருடத்தில்தான் வருமான வரிக்கான செலவுக் கணக்கில் காட்ட முடியும். பழைய பாக்கி பதிவுக்கு முந்தையது என்பதால் அதற்குச் சட்டம் பேசவில்லை, நச்சரித்துத்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு அனுப்பும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் உத்யம் எண்ணை மேலேயே போடுகிறேன். மார்ச் நெருங்கினால் அவர்களுடைய ஆடிட்டரே கேட்டு வாங்கி, பணத்தைப் போட்டுவிடச் சொல்கிறார். டி.டி.எஸ். என்று வரிக்காக 10 சதவீதம் முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது, வரி அதைவிடக் குறைவாக வந்தால் மிச்சம் திரும்ப வரும். வெளிநாட்டுப் பணம் வந்தால் மட்டும் வங்கியில் எதற்கான பணம் என்று ஒரு கோட் கேட்பார்கள், அதை முதல் தடவையே மேனேஜரிடம் நேரில் போய்ப் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.