பயிற்சிக் குறைவு

கடைகளில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்கள் என்று யாராவது எரிச்சல்பட்டால் நான் குறுக்கே பேசுவதில்லை. அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பேச்சில் எப்போதும் இரண்டு பேர்தான் வருவார்கள். ஒருவர் வாடிக்கையாளர், இன்னொருவர் நிறுவனம். நம்பரைக் கேட்கும் வாய் யாருடையது என்ற கேள்வி வருவதே இல்லை. அப்படி நம்பர் கேட்கிற கேஷியர்களுக்கு நான் சில வருடங்கள் சூப்பர்வைசராக இருந்தேன்.

மாத ரிப்போர்ட்டில் ஒரே நம்பர் ஏகப்பட்ட பில்களில் வந்திருந்தது. எல்லாமே ஒரே கேஷியர் போட்ட பில்கள். தலைமை அலுவலகத்தில் அந்த வரிகளைச் சிவப்பாக்கி, விளக்கம் கேட்டு அனுப்பியிருந்தார்கள். யாருடைய நம்பர் என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. ஷிஃப்ட் மாறினால் நான் கூப்பிட்டுச் சொல்லும் நம்பர்தான் அது.

கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மழுப்பவில்லை.

"தரமாட்டேன்னு சொல்றவங்ககிட்ட எத்தனை தடவைக்கா கேக்கறது? அதான் என் நம்பரைப் போட்டுட்டேன்."

"பாயிண்ட் எல்லாம் உன் கணக்குல ஏறியிருக்கே?"

"ஏறத்தானே செய்யும்."

அதை எந்தத் தொனியில் சொன்னாள் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நம்பரைப் போட்டால் பாயிண்ட் ஏறுவது மெஷினின் வேலை, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கலாம். ஏறினால் என்ன இப்போது என்ற அலட்சியமாகவும் இருந்திருக்கலாம். அந்தப் பாயிண்ட்டில் கொஞ்சத்தை அவள் செலவழித்திருந்தாள். நிறைய இல்லை. நிறைய இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

கவுண்டரில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் அவளுடைய நிலைமை புரியாது. பொருளை ஸ்கேன் செய்யும் முன்பே திரையில் நம்பருக்கான கட்டம் வந்துவிடும். அதைத் தாண்டினால்தான் அடுத்த திரை. திரைகளின் வரிசையே அப்படி இருப்பதால், பில் வருவதற்கே நம்பர் தேவை என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார். தேவையே இல்லை. பொருளை மாற்ற வந்தால் நம்பர் வேண்டும் என்போம். அதுவும் இல்லை, பில் எண்ணே போதும். நம்பர் இல்லாமல் தாண்ட வேண்டுமானால் சூப்பர்வைசர் கோடு, அதாவது சூப்பர்வைசருடைய ரகசிய எண், அடிக்க வேண்டும். அதற்கு நான் நடந்து வர வேண்டும், பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்ட வேண்டும், மறுத்தவர் ஏதோ தகராறு செய்தவர் போல நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதற்குள் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். அதையும் சத்தமாகச் சொல்ல வேண்டும், பின்னால் நிற்கும் முன்பின் தெரியாதவர் காதில் விழும்படி. தயங்கித் தயங்கிச் சொன்ன பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயக்கம் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நூறு பில்லில் எத்தனை பில்லுக்கு நம்பர் வாங்கினாய் என்று ஒவ்வொரு கேஷியருக்கும் ஒரு சதவீதம் உண்டு. காலைக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசிப்பது என் வேலை. கடைசிப் பெயரை வாசிக்கும்போது குரலை மாற்றக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். குரல் மாறாவிட்டாலும் கடைசி கடைசிதானே.

ஒரு நம்பருக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். விலைக் குறைப்பு மெசேஜ் அனுப்புவது அதில் சின்னப் பகுதிதான். மனிதர்கள் வீடு மாறுகிறார்கள், வேலை மாறுகிறார்கள், மின்னஞ்சலை மறந்துவிடுகிறார்கள். போன் நம்பரை மட்டும் லேசில் மாற்றுவதில்லை. ஆகவே தனித்தனியாகக் கிடக்கும் பில்களை ஒரே ஆளின் பெயரில் கோர்க்க அதைவிட வசதியான நூல் கிடையாது. அந்த நம்பரைக் குறியீடாக மாற்றி விளம்பரத் தளங்களில் ஏற்றினால், அதே நம்பரில் அங்கே கணக்கு வைத்திருப்பவருக்குக் குறிபார்த்து விளம்பரம் காட்டலாம். இதெல்லாம் எனக்கே பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கான பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம்: "யாருக்கும் கொடுக்க மாட்டோம் மேடம், ஆஃபர் வந்தா சொல்றதுக்குத்தான்." அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

சரி, விளக்கக் கடிதத்துக்கு வருகிறேன். அது கடிதம்கூட இல்லை, ஒரு படிவம். காரணம் என்ற இடத்தில் மூன்றே தேர்வுகள். பாயிண்ட் முறைகேடு, தவறான பதிவு, பயிற்சிக் குறைவு. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் அவள் வேலை அன்றே போயிருக்கும். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம், சம்பளத்தில் கைவைப்பார்கள். மூன்றாவதில் மறுபடி ஒரு நாள் பயிற்சிக்கு உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். யோசிக்கக்கூட இல்லை. இன்றைக்கும் அதைத்தான் செய்வேன் என்று நினைக்கிறேன்.

அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்திருப்பேன். படிவத்தில் கையெழுத்துப் போட வந்தவள், படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியாமப் பண்ணிட்டேன்னு எழுதியிருக்கீங்களேக்கா."

"வேற என்ன எழுதச் சொல்ற? வேலை போயிடும்."

"எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் பண்ணேன்."

"அதை இதுல எழுத முடியாது."

"ஏன் முடியாது?"

படிவத்தில் அதற்கு இடமில்லை என்றேன். அது உண்மைதான். கையெழுத்துப் போட்டாள். அன்று ஷிஃப்ட் முடியும்வரை என்னிடம் பேசவில்லை. அப்புறம் பேசினாள், சாதாரணமாகத்தான் பேசினாள், ஆனால் அக்கா போய் மேடம் வந்துவிட்டது. கொஞ்ச காலம் கழித்து வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இதனால்தான் போனாள் என்று சொல்ல முடியாது. கேஷியர்கள் வருவதும் போவதும் எங்களுக்குப் புதிதில்லை.

இதில் நான் மாறி மாறி இரண்டு பக்கமும் நிற்கிறேன். ஒரு பக்கம், அந்தப் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பாயிண்ட்டைச் செலவழித்தவள் கொள்கை பேசலாமா? கொள்கை என்றால் சூப்பர்வைசர் கோடு கேட்டு என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டால் நானே சலித்துக்கொண்டிருப்பேன் என்பது வேறு விஷயம். இன்னொரு பக்கம், அவள் செய்ததைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், வாடிக்கையாளருக்கு வர வேண்டிய மெசேஜ்கள் எல்லாம் அவள் போனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. மற்ற கேஷியர்கள் வாயில் வந்த பத்து இலக்கத்தை அடிப்பார்கள். அது ரிப்போர்ட்டில் மாட்டாது. ஆனால் அந்தப் பத்து இலக்கம் எங்கேயோ யாரோ ஒருவருடைய நம்பராக இருந்துவிடலாம். அவர் எங்கள் கடைப் படியையே மிதித்திருக்க மாட்டார், அவருக்கு "வாங்கியதற்கு நன்றி" என்று மெசேஜ் போகும். இவள் அப்படி ஊரார் நம்பரைப் போடவில்லை. தன்னுடையதைப் போட்டாள், மாட்டிக்கொண்டாள். இது நேர்மையா, சோம்பலா, பாயிண்ட் ஆசையா என்று பிரித்து எடுக்க எனக்கு முடியவில்லை. மூன்றும் கலந்தே இருந்திருக்கலாம். நான் செய்கிற நல்ல காரியங்களிலும் அப்படித்தான் கலந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் ரேடியோ ஷாக் என்ற மின்னணுப் பொருள் கடை, பேட்டரி வாங்கினாலும் பெயரும் முகவரியும் கேட்பதற்குப் பேர்போனதாக இருந்திருக்கிறது. வாடிக்கையாளர்கள் சலித்துப்போய் 2002இல் அந்த வழக்கத்தை அவர்களே கைவிட்டார்கள். ஆனால் 2015இல் நிறுவனம் திவாலானபோது, 11 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரங்கள் கடையின் சொத்துகளோடு சேர்ந்து விற்பனைக்கு வந்தன. விற்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய விவரங்கள் அவை. மாநில அரசுகள் குறுக்கே நின்றதால் பெரும்பகுதியை அழிப்பதாக உடன்பாடு ஆனது. இதைப் படித்ததும் எங்கள் பயிற்சி வாக்கியம்தான் ஞாபகம் வந்தது. "யாருக்கும் கொடுக்க மாட்டோம் மேடம்." அதை எந்த உரிமையில் சொன்னோம்? நாளைக்குக் கடை யார் கையில் இருக்கும் என்பது கவுண்டரில் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்?

2011இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வில்லியம்ஸ் சொனோமா கடையில் கார்டில் பணம் கட்டிய பெண்ணிடம் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்டிருக்கிறார்கள். கார்டுக்குத்தான் தேவை போல என்று நினைத்துச் சொல்லியிருக்கிறார். கடை அந்த எண்ணையும் அவர் பெயரையும் வைத்து வீட்டு முகவரியையே கண்டுபிடித்துவிட்டது. அந்த எண்ணும் தனிப்பட்ட தகவல்தான் என்று நீதிமன்றம் சொன்னது. எங்கள் திரை செய்ததும் இதேதானே. பொய் சொல்லாமலேயே ஒருவரைத் தப்பாக நினைக்க வைப்பது.

இந்தியாவில் நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. அதே வருடம் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு உதாரணம் வருகிறது. ஒருவர் மருந்துக் கடையில் பொருள் வாங்குகிறார், தானாகவே தன் விவரத்தைக் கொடுத்து ரசீதை போனுக்கு அனுப்பச் சொல்கிறார், கடை அந்த ரசீதை அனுப்ப மட்டும் அதைப் பயன்படுத்தலாம். நல்ல உதாரணம். ஆனால் நான் வேலை பார்த்த காலம் முழுக்க, யாரும் கேட்காமலேயே நம்பரைச் சொன்ன வாடிக்கையாளர் என்று ஒருவரும் ஞாபகத்தில் இல்லை. அந்த உதாரணத்தில் வாங்குபவர் இருக்கிறார், கடை இருக்கிறது. சதவீதத்துக்குப் பயந்துகொண்டு நடுவில் நிற்கும் பெண் இல்லை.

அவள் செய்ததில் எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறு ஒன்று, அதை அவளிடம் சொல்லும் வாய்ப்பு வரவில்லை. நம்பர் தர மறுத்த ஒவ்வொருவருக்கும் அவள் தன் நம்பரைப் போட்டாளே, அத்தனை மறுப்பும் தலைமை அலுவலகத்தின் கணக்கில் சம்மதமாகப் பதிவானது. எங்கள் கடையில் யாருமே மறுப்பதில்லை என்றுதான் அவர்கள் பார்த்த எண்கள் சொல்லின. அவளுடைய கருணை, கருணை என்றே வைத்துக்கொள்வோம், மறுத்தவர்களை அங்கே இல்லாதவர்கள் ஆக்கிவிட்டது. அப்படிப் பார்த்தால் நான் படிவத்தில் அவளுக்குச் செய்ததும் அதேதான். தெரிந்து செய்ததைத் தெரியாமல் செய்ததாகப் பதிந்தேன். வித்தியாசம் என்னவென்றால், எனக்கு அதற்காக யாரும் படிவம் நிரப்பவில்லை.

ஆனாலும் வேலை போயிருந்தால்? வாடகை கட்ட வேண்டியது நான் இல்லையே, அவள்தானே. அதனால் பயிற்சிக் குறைவு என்று எழுதியது தப்பு என்று ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

வேலையை விடுவதற்கு முன் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று எழுதிப்போட்டேன். திரையில் "வாடிக்கையாளர் மறுத்தார்" என்று ஒரு பட்டன் வையுங்கள், கோடு கேட்காமல் தாண்டட்டும் என்று. ஆச்சரியமாக, வைத்தார்கள். கூடவே, அந்தப் பட்டனை அழுத்தினால் கேஷியரின் சதவீதம் குறையும்படியும் வைத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, குறையாவிட்டால் எல்லாரும் அதையே அழுத்திவிட்டுப் போவார்கள் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரிதான், அழுத்தத்தான் செய்வார்கள்.